லோரிக்கு மேல் ஒட்டிய சொல்

மகனே,

இந்த வருடம் நம் வீட்டில் வேலையை விடப்போகிறவள் நான். அதைச் சென்ற தீபாவளிக்கே சொல்லியாகிவிட்டது, உன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். கிளட்ச் மிதிக்கிற இடது முழங்கால் இனி ஒத்துழைக்காது. இந்தத் தவணை முடிந்ததும் பள்ளி வேனைக் கைமாற்றிவிட்டு, காலையில் ஏழு மணி வரைக்கும் போர்வைக்குள் கிடக்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில், போன ஞாயிற்றுக்கிழமை நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது நீ வந்து, "மா, நானும் விட்டுறலாம்னு இருக்கேன்" என்கிறாய். இது வரிசையில் முந்துகிற வேலை, தம்பி. நான் "கைய கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றேன். உனக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரியும். என்ன செய்வது, பேசக் கற்றுக்கொண்டு வந்தவன் நீ. எனக்கு ஹாரன் அடிக்க மட்டும்தான் தெரியும். மறுநாள் காலையில் நீ போர்ட்டிக்சனில் ஒரு வாரக் கோர்ஸ் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போனில் பேசலாம் என்றால், "சரிமா, சரிமா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால், அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தை வேகமாக ஓட்ட முடியாது. திங்கட்கிழமைக்குள், உன்னை வேலைக்குக் கூப்பிட்ட செராஸ் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். கோர்ஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பதில் சொல்வதற்கு முன்னால் இதை முழுக்கப் படி. படித்து முடித்ததும் உங்கள் ஆசிரியர் அறை மேசையில் போட்டு வை. மற்றவர்களும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் வேன் ஓட்ட ஆரம்பித்த காலத்தில் என் வேனில் பேச்சுக்கே இடமில்லை. ஏறு, உட்காரு, வாயை மூடு. ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு ஓட்டுவேன். பிள்ளைகள் கத்துவதைவிட ரேடியோ கத்துவது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருநாள் மேருவுக்குப் போகிற வழியில் ரேடியோ நின்றுவிட்டது. இன்றைக்குச் சரி செய்யலாம், நாளைக்குச் சரி செய்யலாம் என்று இருந்தபோதுதான் பின் சீட்டில் என்ன நடக்கிறது என்று முதல்முறையாகக் காதில் விழுந்தது. அங்கே ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை ஆசிரியை, மற்றவர்கள் மாணவர்கள். அன்றைக்குப் பள்ளியில் நடந்தது அப்படியே மறுபடி நடக்கிறது. கோபக்கார டீச்சர் என்றால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டுகிறாள். பொறுமையான டீச்சர் என்றால், "யோசிச்சி சொல்லு கண்ணா, அவசரமே இல்ல" என்று இழுத்துப் பேசுகிறாள். அந்த வாரமே முடிவு செய்தேன், ரேடியோவைச் சரி செய்வதில்லை என்று. இத்தனை வருடத்தில் உங்கள் பள்ளியில் எந்த ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று என்னைவிட அதிகம் கேட்டவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால், மதியம் ஒரு மணிக்கு என் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தால் போதும்.

கேட்டதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை, அதுவும் உனக்குத் தெரியும். ஆசிரியர்களுக்கு யார் என்ன சொல்கிறார்கள்? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், ஏன் வீட்டுப்பாடம் இல்லை, ஏன் இவ்வளவு வீட்டுப்பாடம், என் பிள்ளையின் பென்சில் பெட்டி எங்கே. வருடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் தினத்துக்கு ஆளுக்கொரு குவளை. நம் வீட்டு அலமாரியிலேயே உனக்கு வந்த குவளைகள் வைக்க இடமில்லை, எல்லாவற்றிலும் உலகத்திலேயே சிறந்த ஆசிரியர் என்று எழுதியிருக்கிறது. ஏன் சிறந்தவர் என்று ஒன்றிலும் இல்லை. நான் வாசல் கேட்டில் நின்று சொல்வேன். கணிதம் சொல்லிக்கொடுக்கிற சாந்தி டீச்சரைப் பார்த்து ஒருநாள், "டீச்சர், நேத்து வேன்ல உங்க ஏழாம் வாய்ப்பாட பாட்டா பாடிட்டே வந்தாங்க, நான் இறக்கி விட்டும் எறங்க மாட்டேன்னுட்டாங்க" என்றேன். அவர் கையில் இருந்த குடையை மடக்காமல் அப்படியே நின்றார். "என் வகுப்பா? என்னைக் கண்டா பயப்படுவாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மறுநாள் எனக்கு ஒரு பொட்டலம் குவே பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார், தேங்காய்ப்பூ தூவினது. பாராட்டுக்கு இவ்வளவு பட்டினி கிடக்கிறீர்களே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

நீ அந்தப் பள்ளிக்கு முதலாம் ஆண்டு வகுப்பு ஆசிரியராக வந்தபோது நடந்த கூத்தெல்லாம் உனக்கு மறந்துவிட்டதா? முதல் வாரம் பிள்ளைகள் உன்னை "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். பாலர் பள்ளியில் அக்காமார்களையே பார்த்துப் பழகிய பிள்ளைகள், மீசை வைத்த ஒருவர் வந்து நின்றால் வேறு எப்படிக் கூப்பிடும்? "மா, காலையிலேர்ந்து தண்ணி போத்தல் மூடிதான் தொறந்துக்கிட்டிருக்கேன், பாடமே நடத்தல" என்று புலம்பினாய். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் உன் அத்தை மகள் கல்யாண விருந்தில் பங்சார் மாமா எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டாரே, "ஆம்பளப் பையன், டிகிரி முடிச்சிட்டு சின்னப் பிள்ளைங்களுக்கு மூக்கு தொடைக்கிறதா?" என்று. நீ இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். உன் அப்பா, கல்யாண வீட்டில் பாயசம் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத மனிதர், "மூக்க தொடச்சாதானே மச்சான் மூச்சு விட்டு வாசிக்கும்" என்றார். மாமா அதற்கப்புறம் உன் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜேமில் நிற்கும்போது, நீ எங்கள் இரண்டு பேரிடமும் உன் வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். கிள்ளான் வந்து சேர்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. அந்த ஆளைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சுவர் விஷயத்தைப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. உன் வகுப்பில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிள்ளைகள் வீட்டில் நடந்ததை ஒரு படம் வரைந்து, கீழே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நீ அதைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல் அப்படியே பின்சுவரில் ஒட்டுவாய். மற்ற வகுப்புகளில் சுவரெல்லாம் கடையில் வாங்கின பூவும் பட்டாம்பூச்சியும் மின்ன, உன் வகுப்பில் மட்டும் காது இல்லாத மனிதர்களும் ஐந்து கால் நாய்களும் நிற்கும். அம்மாமார்கள் சிலர் என்னிடமே வந்து, "என்னா ஆன்டி, உங்க மகன் கிளாஸ் மட்டும் இப்படி இருக்கு" என்று கேட்டிருக்கிறார்கள். "வரைஞ்சது பிள்ளைங்க, நீங்க இல்ல. அதான் அப்படி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தச் சுவரில் ஒரு பிள்ளையின் தாள் மட்டும் வாரா வாரம் படத்தோடு நின்றுவிடும். துர்கா. அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, சாலாக் செலாத்தானிலிருந்து இந்த வருடம்தான் கிள்ளானுக்குக் குடிவந்தார்கள். மலாய் பாலர் பள்ளியில் படித்துவிட்டு வந்ததால் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. என் வேனில் எனக்கு நேர் பின்னால் உட்காருவாள். வகுப்பிலும் பேச்சில்லை, வேனிலும் பேச்சில்லை. அவள் அப்பாவிடம் கேட்டதற்கு, "வீட்ல வாய மூடவே மாட்டாளே ஆன்டி! அங்க பேசலயா?" என்று அவருக்கே ஆச்சரியம்.

அந்தப் பிள்ளையோடு நீ எத்தனை நாள் மல்லுக்கட்டினாய் என்று எனக்குத் தெரியும். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கப் போகாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்ததை எனக்கு நீ சொல்லவில்லை, வேன் சொன்னது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வேனில் ஏறினதும் என் தோளைத் தட்டினாள். அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "ஆன்டி, நான் எழுதிட்டேன்" என்றாள். "என்னா எழுதுன?" "அப்பா லோரி ஓட்டுராரு." அவ்வளவுதான். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர போட்டிருந்தாள் என்று நீ அப்புறம் சொன்னாய். அப்பாவின் தலை லோரியைவிடப் பெரிது, சக்கரமெல்லாம் ஒரே பக்கம். அன்றைக்கு இரவு நீ சோற்றில் கை வைக்காமல் அந்தப் படத்தைப் பற்றியே பேசினாய். எனக்கு அன்றைக்கு உன்னைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது. வாயால் சொல்லவில்லை, இன்னொரு மீன் துண்டு எடுத்து வைத்தேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன். பெருமையாக இருந்தது, மகனே.

பிறகு பெற்றோர் தினம் வந்தது. கல்வி இலாகாவிலிருந்தும் ஆள் வருகிறார்கள் என்று உங்கள் தலைமையாசிரியை வகுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்து, உன் சுவர் முன்னால் நின்றாராம். "லோரிய எடுங்க சார். சரக்குந்துன்னு போடுங்க. தமிழ்ப்பள்ளிச் சுவர்ல மலாய்ச் சொல்லும் எழுத்துப்பிழையும் இருந்தா வர்றவங்க என்னா நெனைப்பாங்க?" என்று சொன்னாராம். அவரைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்காக அவர் ஏறாத அலுவலகம் கிடையாது. நாம் பேசுகிற தமிழில் பாதி, சந்தைக்குப் பாசார், சிற்றூருக்குக் கம்பம், நெரிசலுக்கு ஜேம் என்றுதான், அது நமக்குக் கூச்சமாகவும் இல்லை. ஆனால் எல்லாச் சொல்லும் ஒவ்வொன்றாகப் போய்விட்டால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று அவர் பயப்படுகிறார். நியாயமான பயம்தான். ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அந்தப் பள்ளியை விட்டால் இந்த ஊரில் வேறு இடமும் இல்லை. நீ சண்டை போடவில்லை. பள்ளி முடிந்ததும் கணினியில் "என் அப்பா சரக்குந்து ஓட்டுகிறார்" என்று அழகாக அச்சடித்து, அவள் எழுதினதற்கு மேலே பட்டையாக ஒட்டிவிட்டு வந்துவிட்டாய். நானும் அதைக் கேட்டுவிட்டு, "சரி, போவுது" என்றேன். நம் இரண்டு பேருக்குமே அது பெரிதாகத் தோன்றவில்லை.

பெற்றோர் தினத்தன்று உன் வகுப்புக்குத்தான் சிறந்த வகுப்பறை என்று பரிசு கிடைத்தது. பிஸ்கட்டும் மைலோவும் வைத்த கூடையை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய், உன் அப்பா உடனே அதில் கை வைக்கப் பார்த்தார். திங்கட்கிழமை வேனில் நான் வழக்கம்போல, "என்ன துர்கா, அப்பா வந்து உன் படத்த பார்த்தாரா?" என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது எங்கப்பா இல்ல ஆன்டி. அது வேற அப்பா." எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவர் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். கீழே இருந்த வரியை அவளால் வாசிக்க முடியவில்லை. அப்பா வாசித்துக் காட்டிவிட்டு, "நல்லாருக்கே, யாரு எழுதுனது?" என்று கேட்டிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை இரவு நான்தான் இதை உன்னிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு யோசித்தேன். இல்லை, சொல்ல வேண்டியதுதான். உன் முகம் போன போக்கைப் பார்த்து உன் அப்பா எழுந்து போய் டிவியை நிறுத்தினார்.

மறுநாள் நீ போய் அந்தப் பட்டையைப் பிய்க்கப் பார்த்தாய், அடியில் இருந்த அவள் எழுத்தும் சேர்ந்து கிழிந்துவிட்டது. வகுப்பு முன்னாலேயே அவளிடம், "துர்கா, சார் தப்பு பண்ணிட்டேன். உன்னைக் கேக்காம மாத்திட்டேன்" என்று சொன்னாய். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த வாரம் முழுக்க உன்னிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை, என் தோளையும் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் வந்து, "அவ வாய தொறக்க வச்சதும் நான்தான், மூடுனதும் நான்தான். அதுக்குப் போய் பரிசு வேற குடுத்துட்டாங்க. என்னால முடியலமா" என்றாய். செராஸ் கம்பெனியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, பிள்ளைகள் கணினியில் பார்க்கிற பாடங்களை எழுதிக் கொடுக்கிற வேலை. அங்கே யாரும் உன்னை வேற்று மனிதனைப் பார்ப்பதுபோல் பார்க்க மாட்டார்கள். அதுதான் உன்னை இழுக்கிறது, சம்பளம் இல்லை. உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா?

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ செய்தது தப்புதான். அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் நீ தப்பு செய்ததால் துவண்டுபோகவில்லை, தப்புக்குப் பரிசு கிடைத்ததால் துவண்டுபோயிருக்கிறாய். அந்தப் பரிசைத் தூக்கிப் போடு. வந்தவர்கள் சுவரைப் பார்த்துக் கொடுத்தது அது. நீ அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அதற்குக் கொடுத்திருப்பார்கள். பார்க்காதவர்கள் மேல் கோபப்பட்டு, பார்த்த பிள்ளையை விட்டுவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? இன்னொன்று. ஏழு வயதுப் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்ட ஆசிரியரை என் காலத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் டீச்சர் தப்பாகச் சொன்னால், தப்பாகவே எழுதிவிட்டுப் போவோம். நீ கேட்டாய். அதை நீ தோல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது உன் வேலையிலேயே நல்ல வேலையாகத் தெரிகிறது.

தலைமையாசிரியையிடம் போய் நேராகப் பேசு. இரண்டு சொல்லும் சுவரில் இருக்கட்டும், பிள்ளை எழுதினது மேலே, நீ சொல்லிக்கொடுப்பது கீழே என்று கேள். அவர் ஒத்துக்கொள்வார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நான் கேட்டில் வேனை நிறுத்தியிருந்தேன். அவர் உள்ளேயிருந்து குடையோடு ஓடி வந்து, "ஆன்டி, வேன நகத்துங்க, பின்னால லோரி நிக்கிது!" என்று கத்தினார். நான் கண்ணாடியை இறக்கி, "என்னா நிக்கிது டீச்சர்?" என்றேன். தான் சொன்னது அவருக்குப் பிடிபட ஒரு நொடி ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பார், அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "உங்க மகன் வந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றார். திட்டக் கூப்பிடுகிற முகம் இல்லை அது. அவசரத்துக்கு அவர் வாயிலும் லோரிதான் வருகிறது. சரக்குந்து என்று கத்தியிருந்தால் நான் இன்னும் அங்கேயே நின்றிருப்பேன்.

இனிமேல்தான் நான் உனக்கு எழுத உட்கார்ந்த காரணம். இந்த வாரம் உன் வகுப்பைச் சாந்தி டீச்சர்தான் பார்த்துக்கொண்டார். வியாழக்கிழமை வரைக்கும் கேட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்கிட்டயும் பேச மாட்றா ஆன்டி" என்றுதான் சொன்னார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன், பண்டமாரான் பக்கம் திரும்புகிற இடத்தில் பெரிய ஜேம். முன்னால் ஒரு கொண்டெய்னர் லோரி, அசையவே இல்லை. பின் சீட்டில் சண்டை ஆரம்பித்தது. இரண்டாம் ஆண்டு முகிலன், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு, "அது லோரி இல்ல. சரக்குந்து. எங்க டீச்சர் சொன்னாங்க" என்கிறான். இன்னொரு பையன், "இல்ல, லோரிலா! எங்கப்பா லோரின்னுதான் சொல்வாரு" என்கிறான். இரண்டு பேரும் பையால் அடித்துக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். நான் அதட்டலாம் என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சின்னக் குரல்தான், ஆனால் வேன் முழுக்கக் கேட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான். லோரி ஸ்கூலுக்கு வந்தா யூனிபார்ம் போட்டுக்கும். அப்ப அதுக்குப் பேரு சரக்குந்து."

அடித்துக்கொள்ளத் தூக்கின பைகள் கீழே இறங்கின. முகிலன் மட்டும் விடவில்லை. "அப்ப வீட்டுக்குப் போனா?"

"கழட்டிரும்" என்றாள் துர்கா.

நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த லோரி நகர்ந்ததையே கவனிக்கவில்லை. பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்கிறார்கள். பிள்ளைகள் யூனிபார்ம் போட்ட லோரி, பேஜ் குத்தின லோரி, டை கட்டின லோரி என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஓரமாக வேனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "இத யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். கண்டிப்பாக அவள் அப்பாவாக இருக்கும் என்று நினைத்தேன். அவள், "யாரும் சொல்லல. சார் சொன்னாருல்ல, என்னைக் கேக்காம மாத்துனது தப்புன்னு? அப்புறம் நான் யோசிச்சேன்" என்றாள். நீ மன்னிப்புக் கேட்டபோது அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது உன் மேல் இருந்த கோபத்தால் இல்லை, தம்பி. யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை நாளாக அந்தச் சின்னத் தலைக்குள் அந்த இரண்டு சொல்லும் முட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. நீ அதை மௌனம் என்று நினைத்துவிட்டாய், நானும்தான் நினைத்தேன். வருடக் கணக்காக வேன் ஓட்டின எனக்கே பிடிபடவில்லை என்றால், மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிற உனக்கு எப்படிப் பிடிபடும்? ஆனால் போகிறேன் என்று கிளம்புவதற்கு முன்னால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சரக்குந்து என்கிற சொல்லும் கிடைத்துவிட்டது, அவள் அப்பாவும் திரும்பக் கிடைத்துவிட்டார். இரண்டையும் அவளே சம்பாதித்துக்கொண்டாள். சம்பாதிக்க வழி காட்டியது நீ. தப்பு செய்து, அதை ஒப்புக்கொண்டு காட்டினாய்.

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆன்டி, சார் எப்ப வருவாரு?"

"திங்கக்கிழமை வந்துருவாரு. ஏன்?"

"சார்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எங்கிட்ட சொல்லு, நான் வீட்டுக்குப் போயி சொல்லிர்றேன்."

"இல்ல ஆன்டி. சார்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு, வேன் போகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. யூனிபார்ம் கதையைச் சொல்லலாம். கிழிந்த தாளுக்கு வேறு தாள் கேட்கலாம். உன்னைத் திட்டினாலும் திட்டலாம், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, சனி ஞாயிறு இரண்டு நாளும் உனக்காக ஒரு பேச்சை வைத்துக்கொண்டு காத்திருக்கப்போகிறாள். உன்னைப் போ என்றும் நான் சொல்லமாட்டேன், இரு என்றும் சொல்லமாட்டேன். எங்கே போனாலும் நீ நன்றாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் செராஸுக்குப் போன் போடாதே. வகுப்புக்குப் போ, அவள் உயரத்துக்குக் குனிந்து உட்காரு. கம்பெனிக்காரர்கள் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கட்டும். முதலில் அவள் சொல்லி முடிக்கட்டும்.